மறைத்து வைத்த ஜெனரேட்டர்

வவுனியாவில் சின்னதாய் ஒரு டைப்பிங் கடை வைத்திருந்தேன். கொழும்புக் கொம்பனி ஒன்றிடம் கொம்பியூட்டரும் தமிழ் எழுத்து சொப்ட்வெயாரும் எடுத்தேன். பழுது பார்க்கிற ஒப்பந்தத்தில், அது எந்தக் கரண்டில் ஓடும் என்றும் எழுத வேண்டும்.

"லைன் கரண்டோ, ஜெனரேட்டரோ அண்ணை?" என்று கொம்பனி ஆள் கேட்டார்.

கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர்தான் இருந்தது. சொன்னால் ஒப்பந்தம் தரமாட்டார்கள் என்று பயந்தேன்.

"லைன்தான்" என்றேன். அப்படியே எழுதினார். கையெழுத்து வைத்தேன்.

மூன்றாம் மாதம் கொம்பியூட்டர் நின்றுபோனது. அகதி முகாமில் இருந்த செல்வம் அக்கா, ஆமியிடம் பிடிபட்ட மகனைத் தேடி அடிப்பித்த மனு அதற்குள் இருந்தது. தடுப்பில் மகனுக்குக் கொடுத்த பதிவு இலக்கம் எழுதிய துண்டு, கூடாரத்துக்குள் வந்த வெள்ளத்தோடு போய்விட்டது. இனி அந்த இலக்கம் கொம்பியூட்டரில் இருந்த மனுவில் மட்டும்தான்.

கொம்பனி ஆள் வந்து கடையின் பின்பக்கத்து ஜெனரேட்டரைப் பார்த்தார்.

"கரண்ட் ஏறி இறங்கி எல்லாம் அழிஞ்சு போச்சு. ஒப்பந்தமும் செல்லாது."

"உண்மையைச் சொல்லியிருந்தா தந்திருப்பியளோ?"

"ஏன் தராமல்? ஜெனரேட்டர் எண்டு எழுதி, கரண்டைச் சமப்படுத்திற பெட்டியும் வைச்சிருப்பம். இஞ்சை முக்கால்வாசிக் கடை அப்பிடித்தான்."

மனுவுக்காகக் காத்து வாங்குப் பலகையில் இருந்த செல்வம் அக்கா எழும்பினார்.

"அப்ப என்ர பிள்ளையின்ர நம்பர், தம்பி?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"போச்சுது அக்கா. பிழை என்னிலதான்."

அவர் படியிறங்கிப் போனார். கொம்பனி என்னை ஏமாற்றவில்லை; ஏமாற்றியது நான்தான். அதுதான் இன்றைக்கும் கசக்கிறது.