பெரியப்பாவின் ஒற்றைப் பல்

பெரியப்பாவின் திவசப் படையலில் வைக்க, அவர் புகைத்த பழைய பைப்பை அரியாலையில் ஒருவரிடம் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். இன்று திரும்ப வாங்கினேன். கடையில் வாங்கியது போல மினுங்குகிறது.

அதுதான் இடித்தது. கடைசிக் காலத்தில் பெரியப்பாவுக்கு மேலே ஒற்றைப் பல்தான். அது கடித்துக் கடித்துப் பதிந்த பள்ளத்தைக் காணவில்லை.

"அண்ணை, இது எங்கடை பைப்தானோ?"

"ஓம் தங்கச்சி. புதுசு மாதிரி வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? கடிச்ச இடத்தை நிரப்பி உரஞ்சி விட்டனான்."

நியாயமான பதில். பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் முகநூலைத் திறந்தால் பைப்பைப் புதுப்பித்தவருடைய விளம்பரம். "விற்பனைக்கு: அசல் பழைய பைப். பாவிச்சவரின்ரை பல்லடையாளம் அப்பிடியே இருக்கு."

படத்தைப் பெரிதாக்கினேன். ஒற்றைப் பள்ளம்.

அதை வாங்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். படையல் வெள்ளிக்கிழமை. பெரியப்பா கோபக்காரர்.