ஆற்றைப் பார்த்தவருக்குக் காலிஃபிளவர்

மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் சமையல் அறை வாசலில் வந்து நின்றார். "வசந்தாம்மா, ஏழுமலை காலையில செத்துட்டானாம். நெஞ்சு வலியாம். மத்தியானத்துக்குக் கிளாஸ் கழுவ ஆள் பாக்கணும்" என்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சாவுக்கும் கிளாசுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அன்றைக்கு ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை கிடையாது.

சித்தூருக்கு வெளியே நீவா ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் பாருக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏழுமலை அண்ணன் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான். பேர் கேட்டிருக்க மாட்டீர்கள். "பெருசு" என்று கூப்பிட்டிருப்பீர்கள். நரைத்த மீசை, தோளில் ஈரத்துண்டு, காதில் சொருகிய பேனா. அந்தப் பேனாவால் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. ஊர் நாகலாபுரம். சித்தூருக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் யார் ஊர் கேட்டாலும் நாகலாபுரம் என்றுதான் சொல்வார்.

எங்கள் ஆற்றில் வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான் இருக்கும். கரைமேல் மேசை போட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று பெரிய போர்டு வைத்திருக்கிறார் ஓனர். வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா பெருசு, ஆறு எங்க?" என்பார்கள். "ஆறு இங்கதான் சார் இருக்குது. தண்ணிதான் வெளியூர் போயிருக்குது. வந்ததும் சொல்றேன், இப்ப இன்னா சாப்படறீங்க?" என்பார் அண்ணன். கோபமாக வந்தவனும் சிரித்துவிடுவான். போர்டு வைத்தது ஓனர், சிரிக்க வைத்தது இவர்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. ஆர்டரைத் தாளில் எழுத மாட்டார். மேசைக்கு நாலு பக்கம், நாலு நாற்காலி. ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தவர் ஒருத்தர். ஆற்றுக்கு முதுகு காட்டியவர் ஒருத்தர். பாலத்துப் பக்கம் ஒருத்தர். புளியமரத்துப் பக்கம் ஒருத்தர். தட்டு வைக்கும் ஜன்னலுக்கு வந்து உள்ளே குரல் கொடுப்பார்: "ஆத்தப் பாத்தவருக்கு ஆம்லெட், மொளகு தூக்கலா! பாலத்துக்கு மீனு! முதுகு காட்டினவரு இன்னும் யோசிச்சிக்கினு இருக்காரு!" உள்ளே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற நான், முகம் தெரியாத அந்த நாலு பேருக்கும் அப்படித்தான் பொரித்துப் போடுவேன். எத்தனை மேசை நிறைந்திருந்தாலும் தட்டு மாறியதில்லை. உட்கார்ந்த ஆள் அப்படியே இருக்கும்வரை மாறியதில்லை.

ஒரு நாள் பொரித்த மீனை வைத்தேன். எடுத்தவர் நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தார். தட்டை ஜன்னலில் வைத்து, "வசந்தா, இத நீ துன்னுவியா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "நானா வாங்கினேன்? முந்தாநாள் மீனு, ஐஸ்ல கெடந்துது. இதத்தான் போடணும்னு ஓனர் சொல்லிட்டாரு" என்றேன். "உன்ன எதுக்கு நான் கொற சொல்றேன்? துன்னுவியான்னுதான் கேட்டேன்" என்றார். அண்ணன் நேராக மேசைக்குப் போய், "சார், மீனு இன்னிக்கு வேணாம், முட்ட சாப்பிடுங்க, நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஓனர் எல்லார் முன்னாலும் திட்டினார். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடம் வந்து, "நம்ம கையில வாங்கறவன் நம்மள நம்பித்தான் வாய்ல வெக்கறான்" என்றார். அன்றைக்கு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போன புண்ணியவான் யாராக இருந்தாலும் சரி, உங்கள் வயிறு கெடாமல் போனதற்கு யார் காரணம் என்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் பேரே ஏழுமலை. சனிக்கிழமை பெருமாளுக்கு ஒருபொழுது இருப்பார். அன்று அவர் கறி தொட்டதாக எனக்கு நினைவே இல்லை. கறித்தட்டுத் தூக்குவது வேலை, அதைச் செய்வார். வேலை முடிந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ஒரு வேளைச் சோறு. பாரில் வேலை செய்கிறவனுக்கு என்ன விரதம் என்று கேலி செய்வார்கள். "பார்ல இருக்கறவனுக்குத்தாண்டா வேணும்" என்பார்.

அந்த வாரம் நல்ல மழை. ரொம்ப நாள் கழித்து ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. மத்தியானம் நாலு பேர் காரில் வந்தார்கள். ஆபீஸ் வேலைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருத்தன் கட்டம் போட்ட சட்டை. "பெருசு, இன்னிக்கு சனிக்கிழம. நான் கறி துன்ன மாட்டேன். எனக்கு பீரு, காலிஃபிளவர் அறுபத்தஞ்சு" என்றான். பீருக்கு சனிக்கிழமை இல்லை போலிருக்கிறது. அது அவன் கணக்கு, நமக்கு வேண்டாம். அண்ணனுக்கு மட்டும் சந்தோஷம். ஜன்னலுக்கு வந்து, "ஆத்தப் பாத்தவருக்குக் காலிஃபிளவரு! சனிக்கிழம விரதம், வேற சட்டியில போடு! முதுகு காட்டினவருக்குச் சிக்கன்!" என்றார். நான் புது எண்ணெய் ஊற்றித் தனிச் சட்டியில் பொரித்தேன். இது சத்தியம்.

பொரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டைக்காரன் எழுந்தான். ஆற்றுத் தண்ணீர் தனக்குப் பின்னால் தெரிகிற மாதிரி, முதுகு காட்டும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அதில் இருந்தவன் இவன் இடத்துக்கு வந்து, போனைத் தூக்கிப் படம் எடுத்தான். எடுத்து முடித்தும் இடம் மாறவில்லை. இருந்த இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு காய்ந்து கிடந்த நாளில் அதை எவன் படம் எடுத்தான்? தண்ணீர் வந்தது, அண்ணன் கணக்குக் கெட்டது.

இரண்டு தட்டையும் அண்ணன் கொண்டுபோனார். சிவப்பு மாவு போட்டுப் பொரித்தால் காலிஃபிளவரும் சிக்கனும் பார்க்க ஒன்றுதான். கருவேப்பிலை வைத்தது காலிஃபிளவர், வெங்காயம் வைத்தது சிக்கன். அதில் அவர் தவறவில்லை. ஆற்றைப் பார்த்தவன் முன்னால் காலிஃபிளவரை வைத்தார். முதுகு காட்டியவன் முன்னால் சிக்கனை வைத்தார்.

கட்டம் போட்ட சட்டை ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டான். ருசி தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது துண்டுக்குக் கை போகும்போது எதிரே இருந்தவன், "மச்சான், என் சிக்கன் எங்கடா? இது பூவால்ல இருக்குது?" என்றான். அப்புறம்தான் இவனுக்குப் பக்தி வந்தது. துப்பினான், தட்டைத் தள்ளினான், எழுந்து நின்று கத்தினான். "யோவ் கெழவா! வேணும்னே வெச்சியா? சாமி குத்தம் யாருக்கு வரும் தெரியுமா?" மேனேஜர் ஓடி வந்து, அவன் கேட்கிற மாதிரி, "ஏம் பெத்தாயனா, பெரியவரே, கண்ணு தெரியலையா?" என்றார். ஏழுமலை அண்ணன் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மகன் வயசுப் பையன் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

மேசையில் ஆள் இருக்கும்போது பெண்கள் முன்னால் வரக்கூடாது என்பது எங்கள் பாரில் சட்டம். நான் ஜன்னலுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றேன். இடம் மாறியது நீங்கள்தான் என்று ஒரு வார்த்தை நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. என் வாய் அந்த ஜன்னலுக்குள்ளேயே நின்றுவிட்டது. இதில் எனக்கு யார்மேல் கோபம் என்று கேட்டால், என்மேலும்தான்.

மறுநாள் எங்கள் பாரைப் பற்றிப் போனில் எழுதிவிட்டான் அந்தக் கட்டம் போட்ட சட்டை. மேனேஜர் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னார். ஒரே ஒரு ஸ்டார். கிழட்டு சப்ளையர் விரதக்காரனுக்கு வேண்டுமென்றே கறி வைத்தான், தெய்வ பயம் இல்லாதவன், இந்த இடத்துக்கு யாரும் குடும்பத்தோடு வராதீர்கள் என்று இருந்தது. பாருக்குக் குடும்பத்தோடு யார் வருகிறார்கள் என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இனிமேல் ஏழுமலை மேசைப் பக்கம் வர வேண்டாம், பின்னால் கிளாஸ் கழுவட்டும் என்று ஓனர் சொல்லிவிட்டார்.

கிளாஸ் கழுவும் தொட்டி என் பக்கத்தில்தான். "அண்ணே, அவனுங்க எடம் மாறினானுங்க. நான் ரெண்டு கண்ணால பாத்தேன். மேனேஜருகிட்ட சொல்லலாம் வா" என்றேன்.

"எடம் மாறுவாங்கம்மா. காசு குடுத்து உக்கார்றவன், எங்க வேணா உக்காருவான். மொகத்தப் பாத்துத் தட்ட வெக்கறது என் வேல. நான் நாற்காலியப் பாத்து வெச்சிட்டேன்."

"அப்போ தெய்வ பயம் இல்லன்னு எழுதினானே, அதுவும் சரியா?"

கையில் இருந்த கிளாசைத் தொட்டிக்குள் விட்டுவிட்டார். "அத மட்டும் எழுதாம இருந்திருக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு நாள் ஆளைக் காணோம். வந்தபோது தலையில் முடி இல்லை, மீசை இல்லை. எனக்கு அடையாளமே தெரியவில்லை. திருப்பதி பஸ் பிடித்துப் போய், அலிபிரியில் இருந்து படியேறி, மலையில் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "இன்னா வேண்டுதல்?" என்றேன். "அந்தப் பையன் விரதம் என் கையால கெட்டுப்போச்சு. அது அவனுக்கு ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கினேன்" என்றார்.

எனக்கு எரிந்தது. "உன்னத் தெருவுல நிறுத்தினவனுக்கா முடி குடுத்த? அவன் பேராவது தெரியுமா உனக்கு?"

"பேரு தெரியாது. ஆத்தப் பாத்தவருன்னு சொன்னேன். சாமிக்குத் தெரியாதா?"

லட்டைப் பிட்டு என் கையில் வைத்தார். அதிலும் பெரிய துண்டு எனக்கு. கோபத்தோடுதான் தின்றேன்.

மொட்டைத் தலையில் முடி சரியாக முளைப்பதற்குள் போய்விட்டார். படியேறியதால்தான் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் வேறு ஏதோ சொன்னாராம். தொட்டி முன்னால் ஒரு மாதம் குனிந்து நின்றதை எந்த டாக்டரும் கேட்டிருக்க மாட்டார்.

அண்ணன் சாவு எடுத்து முடித்த மறுநாள் மேனேஜரிடம் போய், "அண்ணனப் பத்தி எழுதினது இன்னும் இருக்குதா?" என்று கேட்டேன். இருந்தது. போனைக் காட்டினார். எழுத்துக்கு மேலே ஒரு படம் போட்டிருந்தான். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. படம் பார்க்க வரும். கட்டம் போட்ட சட்டை, கையில் பீர், முதுகுக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்த ஆறு. "சார், இவன் முதுகு எங்க இருக்குது பாருங்க. அன்னிக்கு அண்ணன் 'ஆத்தப் பாத்தவருக்குக் காலிஃபிளவரு'ன்னு கத்தினது உங்க காதுலயும்தான் விழுந்துது" என்றேன். மேனேஜர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "இப்ப இன்னா பண்றது வசந்தாம்மா? ஆளே போய்ட்டான்" என்றார்.

ஆள் போனால் எழுதிய பொய்யும் கூடப் போய்விடுமா? அது அங்கேயேதான் இருக்கிறது. நாளைக்கு அவர் பேரன் படிப்பான். கட்டம் போட்ட சட்டைக்காரரே, பீர் சூடு என்று எழுதுங்கள், உப்பு தூக்கல் என்று எழுதுங்கள், அது உங்கள் நாக்கு, உங்கள் இஷ்டம். ஆனால் தெய்வ பயம் இல்லாதவன் என்ற அந்த ஒரு வரியை எடுங்கள். உங்களுக்காக மொட்டை அடித்துக்கொண்ட ஆள்மேல் அது கிடக்கிறது. மாற்றி அஞ்சு ஸ்டார் போட வேண்டாம். எடுத்தால் போதும்.

அண்ணனிடமிருந்து எனக்கு என்று வீட்டில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. துண்டு, பேனா எல்லாம் அண்ணியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவர் குரல் கொடுக்கிற விதம். இப்போது சப்ளைக்குப் புது ஆள் வந்திருக்கிறார். கையில் மிஷின். மூன்றாம் நம்பர் மேசை, இரண்டாம் நம்பர் சீட் என்று சீட்டு வருகிறது. நான் சீட்டைப் பார்ப்பதில்லை. "ஆத்தப் பாத்தவரா, முதுகு காட்டினவரா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

போன சனிக்கிழமை ஒரு காலிஃபிளவரும் ஒரு சிக்கனும் சேர்ந்து வந்தன. புது ஆள் வேறு மேசையில் இருந்தார். தட்டு இரண்டையும் நானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேனேஜர் பார்த்தார். வழி விட்டு நகர்ந்தார். ஆறு மறுபடியும் மணல்தான். மேசைக்குப் பக்கத்தில் நின்று, நாற்காலியைப் பார்க்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இதுல சனிக்கிழம கறி துன்னாதவரு யாரு?" என்று கேட்டேன். புளியமரத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கை தூக்கினார். கருவேப்பிலைத் தட்டை அவர் முன்னால் வைத்தேன்.