ஏகமனதாக என்று எழுதினேன்

லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் நான் வேலை செய்த கடையின் பலகையில் போட்டோகொப்பி, டைப்பிங், பாஸ்போர்ட் படம், கலியாண அட்டை என்று நான்கு வேலைகள் எழுதியிருக்கும். ஐந்தாவது வேலை பலகையில் இல்லை. அகதிகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லச் சொல்ல அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுப்பது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஐந்தாவது வேலைதான் கடையை நடத்தியது. முதலில் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர், வந்தார்கள், பிறகு சோமாலிக்காரர், பிறகு உலகத்தின் மற்றப் பக்கங்களில் இருந்தெல்லாம். அடுத்தவனின் வாழ்க்கையில் நடந்த மிக மோசமான நாளை, தேநீர் ஆறுவதற்குள் பிழையில்லாமல் அடித்து முடிக்கும் அளவுக்கு எனக்கு விரல்களும் மனமும் பழகிப்போயிருந்தன. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பேராசிரியர் வந்தது ஒரு குளிர்காலத்தில். பத்து வீடு தள்ளி, கோழிக்கடைக்கு மேலே ஒரு அறையில் இருந்தார். கடைப் பை ஒன்றுக்குள் இருந்து கைப்பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். நான் வழக்கம்போல, "உங்கள் பெயர், பிறந்த திகதி, எப்போது கைது செய்தார்கள்?" என்று தொடங்கினேன்.

"இது என் கதை இல்லை. இது ஒரு அரசியலமைப்பு," என்றார்.

மத்தியதரைக் கடலுக்கு அந்தப் பக்கத்து நாடொன்றின் பல்கலைக்கழகத்தில் அவர் சட்டம் படிப்பித்தவர். நாட்டின் பெயரை எழுதவில்லை. அவரைச் சேர்ந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கலாம். இஸ்லாத்தின் பெயரால் அரசியல் செய்த கட்சி ஒன்றில் இருந்தார். அந்த நாட்டுச் சனம் முதல் தடவையாகப் பயமில்லாமல் வாக்குப் போட்ட தேர்தலில் அவருடைய கட்சி வென்றுகொண்டிருந்தது. பாதியில் இராணுவம் வந்து தேர்தலையே நிறுத்திவிட்டது. 'இவர்கள் வாக்கைக் காட்டி உள்ளே வருவார்கள், பிறகு வெளியே போகமாட்டார்கள்' என்பது இராணுவம் சொன்ன காரணம். அவருடைய நண்பர்கள் பாலைவன முகாம்களுக்குப் போனார்கள். அவர் லண்டனுக்கு வந்தார்.

எனக்கு மதக் கட்சிகளைக் கண்டால் ஆகாது. வாயை அடக்கத் தெரியாத வயது வேறு. "மதத்தைக் கொண்டுவந்து அரசாங்கத்தில் வைத்த நாடு எங்காவது உருப்பட்டிருக்கிறதா?" என்று இரண்டாம் நாளே கேட்டுவிட்டேன். எங்கள் இருவருக்கும் இரவல் மொழியான ஆங்கிலத்தில்தான் பேச்செல்லாம்.

அவர் கோபப்படவில்லை. "உங்கள் நாட்டில் மதத்தை வெளியே வைத்துவிட்டுத்தானே சண்டை பிடிக்கிறீர்கள், உருப்பட்டீர்களா?" என்றார். நான் தட்டச்சைத் தொடர்ந்தேன். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அந்தக் கைப்பிரதியை எழுதியவர்கள் எட்டுப் பேர். ஐந்து நாடுகளில் இருந்து துரத்தப்பட்டவர்கள். முஸ்லிம் நாடு எதுவானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய மாதிரி அரசியலமைப்பு ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கவுன்சில் மண்டபம் ஒன்றில் கூடி, ஐந்து நாட்டாருக்கும் பொதுவான ஆங்கிலத்தில் பேசுவார்கள். மண்டபத்தைச் சலுகையில் தருவதற்குக் கவுன்சில் கேட்டது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒழுங்கான ஆங்கில அறிக்கை. அதை எழுதப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"உமக்கேன் உந்த வேலை? அவையின்ரை அரசியல் அவையோடை," என்றார் கடை முதலாளி.

"ரெண்டு மணித்தியாலம்தானே அண்ணை. போட்டு வாறன்."

"எங்கடை அரசியலுக்கே வாய் திறக்காத ஆள் நீர்," என்று சிரித்தார். உண்மைதான். எங்கள் ஆட்களிடையே மாற்றுக் கருத்துக்கு அந்த நாட்களில் ஆயுள் குறைவு. எது வேண்டுமானாலும் சமையலறைக்குள் பேசுவோம், கதவைத் திறந்தால் பேச்சு மாறும்.

அவர்களுடைய சண்டை எல்லாம் பத்தொன்பதாம் உறுப்புரையில் வந்து நின்றது. அதைப் பேராசிரியர் எழுதியிருந்தார். தேர்தலில் தோற்ற அரசு முப்பது நாட்களுக்குள் விலக வேண்டும், வென்றவர் எவராயினும். மார்க்கத்தின் பெயராலும் இதற்கு விலக்கு இல்லை. இவ்வளவுதான். எனக்கு இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் தலைவராக இருந்த பொறியியலாளர் அந்தக் கடைசி வரியை ஒவ்வொரு கிழமையும் தொட்டார். அவர் சாய்ந்து சாய்ந்து நடப்பவர். அவருடைய நாட்டுச் சிறையில் காலை முறித்திருந்தார்கள்.

"நாளைக்கு வெல்லுகிறவன் இறைவனின் சட்டத்தைத் தூக்கி எறிவேன் என்று சொல்லி வென்றால்?" என்று கேட்டார். "அவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வா என்கிறீர்களா? என் காலை முறித்தவர்களும் அரசியலமைப்பைக் காட்டித்தான் முறித்தார்கள்."

"நான் தோற்றால் இறைவனின் சட்டம் தோற்காது," என்றார் பேராசிரியர். "நான்தான் தோற்கிறேன். இந்த உறுப்புரையை எடுத்தால், நம்மைப் பற்றி இராணுவம் சொன்னது சரி என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும்."

இரண்டு பேர் மீதும் எனக்கு இரக்கம் வந்தது. முறிந்த காலோடு இருப்பவனிடம் முப்பது நாள் கணக்கைச் சொல்லி எப்படி வெல்ல முடியும்?

அந்த உறுப்புரை பேராசிரியருக்கு வெறும் சட்டமாக இருக்கவில்லை. அவருடைய மனைவி ஒரு பெண்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தவர். கணவனின் கட்சிக்கு வாக்களிக்காதவர். தேர்தலுக்கு முதல் நாள் காலைச் சாப்பாட்டில், "வென்றால் வருவீர்கள், தெரியும். தோற்றால் போவீர்களா?" என்று கேட்டாராம். போவோம் என்றார் இவர். "உங்கள் ஆட்கள் அதை எழுதித் தருவார்களா?" என்றார் அவர். எழுத வைப்பேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். மனைவியும் மகளும் இங்கே வருவதற்கான விசா கிடைத்துவிட்டது. வருவதா வேண்டாமா என்று மனைவி இன்னும் சொல்லவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது, பை நிறைய இருந்த தாள்களைத் தட்டிக் காட்டி, "இது வந்தால் அவள் வருவாள்," என்றார்.

வாக்கெடுப்பு நடந்த ஞாயிறு மழை. பத்தொன்பதாம் உறுப்புரையை நீக்குவதா என்று தலைவர் கேட்டார். ஏழு கைகள் உயர்ந்தன. பேராசிரியர் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து வைத்திருந்தார். "நான் எதிர்க்கிறேன்," என்று சத்தம் போடாமல் சொன்னார். நான் பார்த்தேன், கேட்டேன். மறந்தேன் என்று சொல்ல வழியில்லை.

உடனே அஸர் தொழுகைக்கு நேரமாகியது. எட்டுப் பேரும் எழுந்து கதிரைகளை ஒதுக்கி, விரிப்பை விரித்து, ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பேராசிரியருக்குப் பக்கத்தில் பொறியியலாளர் மட்டும் கதிரையில் இருந்தபடியே தொழுதார். அதைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருந்த நான் அறிக்கையை எழுதி முடித்தேன். 'பத்தொன்பதாம் உறுப்புரையை நீக்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

ஏன் அப்படி எழுதினேன் என்பதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. லண்டனில் நாலு யாழ்ப்பாணத்தார் சேர்ந்தால் ஒரு சங்கம், சங்கம் தொடங்கிய கிழமையே ஒரு யாப்பு, சங்கத்துக்கென்று ஒரு அரசியலமைப்பு. பழைய மாணவர் சங்கம், கோயில் சபை, தமிழ்ப் பள்ளி எதை எடுத்தாலும் யாப்பு இருக்கும். அந்த யாப்பின்படி நடக்க வேண்டிய தேர்தல் மட்டும் நடக்காது. ஒரு பதவிக்கு இரண்டு பேர் நின்றால், ஒரு பெரியவர் இருவரையும் வெளியே கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது ஒருவர் விலகியிருப்பார். பிறகு ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, ஏகமனதாகத் தெரிவு. கதிரை தூக்கி அடிபட்ட கூட்டத்துக்கும் அறிக்கையில் ஏகமனதாக என்றுதான் இருக்கும். நான் மூன்று சங்கங்களுக்கு அறிக்கை எழுதியவன். அந்தச் சொல்லை எழுதுவது கடிதத்தின் மேலே 'அன்புள்ள' என்று போடுகிற மாதிரி. அந்த எட்டுப் பேரின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுகூட அப்போது நினைத்திருப்பேன்.

வரைவு அச்சானது. ஒவ்வொரு உறுப்புரையும் எப்படி முடிவானது என்று காட்ட, கூட்ட அறிக்கைகளையும் கடைசியில் சேர்த்தார்கள். நானே பிரதியெடுத்து நானே ஸ்டேப்ளர் பின் அடித்தேன். பேராசிரியர் உறுப்புரைகளை மட்டும் சரிபார்த்தார். பதினெட்டுக்குப் பிறகு நேரே வேறொன்று வந்த பக்கத்தில் சற்று நேரம் நின்றார். கடைசிப் பக்கங்களைத் திருப்பவில்லை. அதில் என்ன இருக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தார். மனைவிக்கு ஒரு பிரதியைப் பிரான்சில் இருந்த உறவினர் மூலம் அனுப்பியிருந்தாராம். கூடவே இப்படி எழுதியிருந்தாராம்: 'உறுப்புரை தோற்றுவிட்டது. ஆனால் நான் எதிர்த்தேன். கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது, பார்.'

மனைவியின் பதில் பிரெஞ்சில் நாலு வரி. அவர் எனக்கு மொழிபெயர்த்தார். "கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். உங்கள் கையும் உயர்ந்திருக்கிறது. நாங்கள் வரவில்லை."

நான்தான் அப்படி எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமான வழக்கம் என்று எனக்கே விளங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்கள் ஆட்களிடம் எதிர்ப்பவர்கள் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கிறார்கள்."

"அவர்களை எங்கே எழுதுவீர்கள்?"

அந்த வாக்கெடுப்போடு வரைவு முடிந்து, பிறகு கூட்டம் இருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் முதல் வேலை, அன்றைய அறிக்கையை உறுதிப்படுத்துவது. என் பிழை என்று எழுந்து நின்று சொன்னேன். பொறியியலாளர் பொறுமையாகக் கேட்டார். வரைவு பல இடங்களுக்கும் போய்விட்டது என்றார். இப்போது பிளவு என்று வெளியே தெரிந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் யார் என்று கேட்டார். பிறகு, இருக்கிறபடியே அறிக்கையை ஏற்பதற்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தட்டும் என்றார். அதே ஏழு கைகள். எதிர்ப்பே இருக்கவில்லை என்பதைப் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்தார்கள். எனக்கு வாக்கு இல்லை.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "இந்த முறையாவது எழுதுங்கள். ஒருவர் எதிர்ப்பு." எழுதினேன். அந்த அறிக்கையை எவரும் அச்சிடவில்லை.

அதன் பிரதியை அவர் மனைவிக்கு அனுப்பினார். நானும் என் கைப்பட ஒரு கடிதம் எழுதி அதோடு வைத்தேன், பிழை என்னுடையது, அவர் கை உயரவில்லை, என் கண்ணால் கண்டேன் என்று. பதில் கடையின் முகவரிக்கு, எனக்கே வந்தது. இரண்டு வரி ஆங்கிலம். 'உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் சொல்லித்தான் எழுதினீர்களா?'

அதை அவரிடம் காட்டாமல் விட்டிருக்கலாம். காட்டினேன். வாசித்து, மடித்து, என்னிடமே தந்தார். அந்த வருடம் முடிவதற்குள் வடக்கே ஏதோ ஒரு ஊருக்குப் பிரெஞ்சு படிப்பிக்கப் போய்விட்டார். மனைவியும் மகளும் பிறகு வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவருடைய நாட்டில் அந்த வருடங்களில் நடந்த கொலைகளைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் பாடசாலை ஆசிரியை என்று எங்காவது வருகிறதா என்று தேடுவேன். சில நாள் வரும். பெயர் இராது.

இதற்கு நாலைந்து வருடங்களுக்குப் பிறகு நான் ஸ்ட்ரெதம் பக்கம் குடிபோய், அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்குச் செயலாளராக இருந்தேன். தலைவராக ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் இருக்க ஏலாது என்று யாப்பில் இருந்த விதியை எடுத்துவிடப் பொதுக்கூட்டம் நடந்தது. "அவரை விட்டால் ஆர் செய்யிறது?" என்பதுதான் வாதம். கைகள் உயர்ந்தன. பின்வரிசையில், சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கும் அக்கா ஒருவர் மட்டும் கைகளை மடியில் வைத்திருந்தார்.

"ஏகமனதாக எண்டு போடும் தம்பி," என்றார் தலைவர்.

நான் பேராசிரியரை நினைத்தேன். 'ஒருவர் தவிர்ந்த அனைவரும்' என்று எழுதி, உரக்க வாசித்தேன். மண்டபம் முழுக்கப் பின்னால் திரும்பிப் பார்த்தது. கடன் தீர்ந்த மாதிரி எனக்கு ஒரு திருப்தி. மறைப்பானேன், கொஞ்சம் பெருமையும்தான்.

கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றும் இடத்தில் அந்த அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, அதை எடுத்துவிடுங்கோ."

"ஏன் அக்கா? நீங்கள் கை உயர்த்தேல்லைத்தானே?"

"ஓம், உயர்த்தேல்லை. என்ரை பிள்ளையள் ரெண்டும் இஞ்சைதான் படிக்குதுகள். நான் ஆரோடை நிண்டு கதைக்கிறது இனி?" கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "நீங்களும் கை உயர்த்தினீங்கள்தானே தம்பி, நான் கண்டனான்," என்றார்.

உயர்த்தியிருந்தேன். வலது கையில் பேனா இருந்ததால் இடது கையை.

கொப்பியைத் திறந்து, நான் எழுதியிருந்ததை அவர் முன்னாலேயே வெட்டினேன். மேலே ஏகமனதாக என்று எழுதினேன். அக்கா நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.