பழவேற்காடு ஏரியில் நின்று நின்று போன படகு

பூநாரை பார்க்கும் ஆசையில் நான் இந்தப் பயணம் கிளம்பவில்லை. குவைத்தில் உல்லாசப் படகுகளுக்கு வயரிங் செய்யும் பட்டறையில் எனக்கு ஒன்பது வருடமாக வேலை. பொங்கலுக்கு நாற்பது நாள் லீவில் நகரிக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் தம்பி முனிரத்தினம் போன் செய்தான். நான்கு விசைத்தறியையும் இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, தடாவுக்குக் கிழக்கே ஏரித்துறையில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். அது நடு ஏரியில் மூன்று முறை நின்றுவிட்டதாம். இன்னொரு முறை நின்றால் துறையில் அவனுக்கு முறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முறை என்பது வரிசைப்படி பயணிகளை ஏற்றும் உரிமை. அது போனால் படகு வெறும் தொட்டி.

"வந்து பாத்துட்டுப் போண்ணா" என்றான். ஐந்து வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி. அதற்கு முன்பு கேட்டது விசா. நைனாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவன் வேண்டும் என்று மறுத்துவிட்டேன். தறித்தொழில் படுத்துக்கிடந்த நேரம் அது. நைனா இரண்டு வருடத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் விசாப் பேச்சை எடுக்கவில்லை.

நகரியில் காலை 5.20க்குப் பேருந்து, புத்தூர் வரை 12 ரூபாய். அங்கே 6.15க்குச் சத்தியவேடு வண்டி. நாகலாபுரம் வழியாக சுமார் அறுபது கிலோமீட்டர், 45 ரூபாய், இரண்டு மணி நேரம். பிச்சாட்டூர் தாண்டியதும் இடுப்பெலும்பு எத்தனை என்று எண்ணிவிடலாம். சத்தியவேட்டிலிருந்து தடாவுக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். வழியெல்லாம் புதுக் கம்பெனிகளின் மதில். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"எங்க ஊரு நெலம்தான் சார் இது" என்றார் ஆட்டோக்காரர். "இப்போ உள்ள போவணும்னா பாஸ் கேக்கறான்."

தடாவில் டிபன் முடித்து இன்னோர் ஆட்டோ பிடித்துத் துறைக்குப் போனபோது மணி 9.40. முனிரத்தினம் தலையை மட்டும் ஆட்டினான். பன்னிரண்டு பேர் உட்காரும் ஃபைபர் படகு, பின்னால் பெட்ரோல் எஞ்சின். மெக்கானிக்குகள் பிளக், ஃபில்டர், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். கரையோரம் கட்டி ஓட்டினால் ஒரு மணி நேரம் தும்மல்கூட இல்லாமல் ஓடியது. வந்து வந்து போகும் கோளாறு இப்படித்தான், டாக்டர் முன்னால் மட்டும் ஜுரம் இறங்கிவிடும்.

"எப்போடா நிக்குது?"

"காலைல காத்து அடிச்சி தண்ணி உள்ள தெறிக்கும் பாரு, அப்பதான்ணா. வெயில் ஏறிச்சினா நல்லாப் போய்க்கினே இருக்குது."

பாதி விடை அதிலேயே இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சொம்பில் ஏரித் தண்ணீரை மொண்டு, வயர் போகும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தேன். பின் இருக்கைக்கு அடியில் தெளித்ததும் எஞ்சின் அடங்கியது. எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களுக்கும் அங்கே ஒரே இடத்தில் ஒட்டு. டேப்பைப் பிரித்தால் உள்ளே நூல். தறியில் மீந்த கழிவு நூலை இரண்டு ஒட்டின் மேலும் சேர்த்து இறுக்கிச் சுற்றியிருந்தான். அந்த இரண்டு வயரும் சேர்ந்தால் எஞ்சின் நிற்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய நூல் அவற்றைச் சேர்த்துவைத்தது. காய்ந்தால் விட்டுவிடும்.

இதற்குள் பத்துப் படகுக்காரர்கள் சுற்றிலும் நின்றிருந்தார்கள், துறைப் பெரியவர் சுப்பையாவும் கூட. நான் அந்த நூலைத் தூக்கிக் காட்டினேன். "பாத்தீங்களா, தறிக்காரன் வேலைய! படகுக்குச் சேலை நெய்ஞ்சி வெச்சிகீறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். முனிரத்தினம் எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு ஒட்டையும் தள்ளித் தள்ளி வைத்து, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் இறுகும் குழாயை மாட்டினேன். மற்ற வயர்களையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். வேறெங்கும் நூல் இல்லை. சுப்பையாவை ஏற்றிக்கொண்டு, அலை தெறிக்கத் தெறிக்க இரண்டு மணி நேரம் சுற்றினோம். ஒருமுறைகூட நிற்கவில்லை.

கரையில் இறங்கி வேட்டியைப் பிழிந்தபடி சுப்பையா சொன்னார்: "போட்டு பாகுந்தி, நல்லாத்தான் கீது, ஒத்துக்கறேன். ஆனா தறிக்காரன் வயர் கட்டுன போட்ல ஜனத்த ஏத்த முடியாதப்பா. இந்த சீசன் முறை வேணாம்."

"நான் எல்லாத்தையும் பாத்துட்டேங்க. நான் பொறுப்பு."

"நீ குவைத்துக்குப் பூடுவே. தறிக்காரன்னு சொன்னது நீதானே, நானா?"

மூன்று முறை நின்றதை அவர்கள் எஞ்சின் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். அதை என் தம்பியின் கோளாறாக்கிக் கொடுத்தவன் நான்.

சாயங்காலம் 4.10 பேருந்துக்கு முனிரத்தினம் நிறுத்தம் வரை கூட வந்தான். சும்மா இருக்க முடியாமல், "வயர்ல போய் எவனாவது நூல் சுத்துவானாடா?" என்றேன்.

"நம்ம ஷெட்ல தறி ஆட ஆட மோட்டார் வயர்ல டேப் கயண்டுகினே இருக்குமே. நீ குவைத்துக்குப் போறதுக்கு முந்தி நூலச் சுத்தி அதும்மேல டேப் போட்டே. தறிய விக்கிற வரைக்கும் கயலல. அதப் பாத்துதான் நானும் சுத்தினேன்."

ஷெட் உலர்ந்த இடம், அங்கே அது சரி. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"அங்கயே சொல்றதுக்கென்னடா?"

"அத்தினி பேர் எதிர்லயா? எப்படிண்ணா உன்ன வுட்டுக் குடுக்கறது?"

திரும்பித் துறைக்குப் போய்ச் சுப்பையாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் ஏறிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் இருக்கும். எட்டு மணிக்குள் துறைக்குப் போய்விடுங்கள். தொப்பியும் குடிதண்ணீரும் அவசியம், அங்கே கடை கிடையாது. படகில் அடிக்கடி வந்து போகும் கோளாறு இருந்தால், முதலில் எப்போது நனைகிறது என்று கேளுங்கள். ஒட்டைப் பிரிக்கும்போது சுற்றி இருப்பவர்களை அனுப்பிவிடுங்கள்.

துறையின் கடைசியில் நீலக் கோடு போட்ட வெள்ளைப் படகு ஒன்று சும்மா கட்டிக் கிடக்கும். முறை இல்லாத படகு என்பார்கள். அதுதான் வேண்டும் என்று கேளுங்கள். சுப்பையா ஏன் என்று கேட்டால், வயரில் நூலை முதலில் சுற்றியவன் அண்ணன்காரன் என்று சொல்லுங்கள். நான் சொல்லாமல் வந்துவிட்டேன்.