தலைக்கனம் உள்ளவர்கள் கீழே இறங்கவும்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சுற்றுலா அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஜாக்கிரதை. டயர் கடைக்கு மேல்மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, உயரமான மலைக்குப் போகிறவர்களுக்குப் புத்தி சொல்வதுதான் பத்தொன்பது வருஷமாக அவருடைய வேலை.

"முதல் நாள் ஒண்ணுமே பண்ணாதீங்க. ரூமுக்குப் போனதும் படுத்துடுங்க. தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. மது பக்கமே போகாதீங்க. மாத்திரை வேணுமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டரைக் கேட்டுடுங்க. மாடிப்படியை நடை பழகுற குழந்தை மாதிரி ஏறுங்க." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கும்.

இத்தனைக்கும் மனிதர் எந்த மலையிலும் கால் வைத்ததில்லை. அலுவலக மாடிதான் அவர் தொட்ட சிகரம். கேட்டால், "சமையல்காரர் எல்லாத்தையும் சாப்பிட்டுப் பார்த்துட்டா செய்றாரு?" என்பார். ஆமாம், சாப்பிட்டுப் பார்த்துத்தான் செய்கிறார் என்று யாரும் வாதாடியதில்லை. வாதாடினால் இன்னும் பத்து நிமிஷம் பேசுவார்.

இந்த வருஷம் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. ஜாக்கிரதை வாயால் சொல்வதையெல்லாம் ஒரே தாளில் அச்சடித்துப் பயணிகள் கையில் கொடுத்துவிட்டால் என்ன? பதினோரு விதிகள் தயாராயின. ஒன்பதாவதில் "தலைவலி" என்று இருந்ததை முதலாளி பேனாவால் அடித்தார்.

"யோவ், வலின்னு போட்டா எவன்யா வருவான்?"

"தலைபாரம்னு போடட்டுங்களா?"

"பாரமா? இதென்ன லாரி ஆபீஸா? கொஞ்சம் கௌரவமா போடுய்யா."

ஜாக்கிரதை யோசித்தார். பாரம் என்றால் கனம். தலைபாரம் என்றால்? இருநூறு பிரதி அச்சாகி வந்துவிட்டது: "மேலே சென்றபின் தலைக்கனம் ஏற்பட்டால் மறைக்க வேண்டாம். வழிகாட்டியிடம் ஒப்புக்கொள்ளவும். குறையாவிட்டால் கீழே இறக்கப்படுவீர்கள்." பேசியே பிழைத்த மனிதருக்கு, திமிர் பிடித்தவனைத்தான் ஊர் உலகம் தலைக்கனம் பிடித்தவன் என்கிறது என்பது உறைக்கவே இல்லை. என்னத்தைச் சொல்ல!

அந்த நேரம் பார்த்து, வருஷக்கணக்கில் மலையில் ஒருமுறைகூட விழாத வழிகாட்டி தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். "நீயே போய்யா" என்றார் முதலாளி. ஜாக்கிரதை அன்றைக்கே மாத்திரை கேட்டு டாக்டரிடம் ஓடினார். அவர் மனைவிக்கோ தலைகால் புரியவில்லை. "நானும் வர்றேங்க. எங்க அண்ணனையும் கூப்பிடுறேன்."

அண்ணன் என்றால் நீச்சல் கோச். நல்ல மனிதர்தான், ஆனால் தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவர் கொள்கை. ஏழு வருஷமாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கை மகள் அவரிடம்தான் நீச்சல் பழகப் போனாள். அவர் போட்ட கத்தலில் அரண்டுபோய் வேறு கோச்சிடம் சேர்ந்தாள். "அவன்கிட்டயா? அப்போ முழுகித் தொலையட்டும்" என்றார் அவர். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ரகமா தங்கை? சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேஜையில், "உனக்குத் தலைக்கனம் அண்ணா" என்று போட்டு உடைத்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர்தான். மகள் இன்று மீனாக நீந்துகிறாள், மாமா ஒருநாள் வந்து பார்க்கவில்லை. அண்ணன் எப்படியாவது மறுபடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் தங்கைக்கு ஏக்கம். பயணத்துக்குக் கூப்பிட்டதும் அவரிடமிருந்து "சரி" என்று ஒற்றைச் சொல்லில் போன் மெசேஜ் வந்தது. அதை அவள் கணவரிடம் நாலு தடவை காட்டினாள்.

பஸ்ஸில் தாளைக் கொடுத்தார்கள். ஒன்பதாவது விதிக்கு வந்ததும் கோச்சின் முகம் சுருங்கிவிட்டது.

"மாப்ளே, இதை எழுதினது யாரு?"

"நான்தான் மச்சான்!" ஜாக்கிரதைக்குப் பெருமை தாங்கவில்லை.

"ம். நல்லா எழுதியிருக்கீங்க."

பன்னிரண்டாயிரம் அடி. பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பியிருந்தன. ஜாக்கிரதை தன் விதிகளுக்குத் தானே அடிமையாகி, பஸ்ஸிலிருந்து ஹோட்டல் வாசலுக்குப் போகக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த பயணிகள் பதினெட்டுப் பேரும் வேறு வழியில்லாமல் ஊர்ந்தார்கள். கோச் மட்டும் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஓடியே ஏறினார். "தண்ணிக்குள்ள ரெண்டு நிமிஷம் மூச்சை அடக்கினவன் மாப்ளே நான்!"

மறுநாள் காலை, உணவுக்கூடத்தில் ஜாக்கிரதை தாளும் பேனாவுமாக ஒவ்வொருவரிடமும் போனார். "மேடம், உங்களுக்குத் தலைக்கனம் இருக்கா?"

"எனக்கில்ல. இவருக்கு இருக்கு, முப்பது வருஷமா" என்று ஒரு பல் டாக்டர் அம்மாள் கணவரைக் காட்டினாள். கூடமே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் இவரும் சிரித்துவிட்டு, அதே உற்சாகத்தில் அடுத்த மேஜைக்குப் போனார்.

"மச்சான், உங்களுக்குத் தலைக்கனம் இருக்கா?"

தங்கையின் கையிலிருந்து கரண்டி நழுவியது. கோச் வெளிறிப்போயிருந்தார், தட்டைத் தொடவே இல்லை. "எவன் சொன்னான்? எனக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது!" என்று எழுந்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார்.

மனைவி ஜாக்கிரதையை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தை விளக்கினாள். அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. கையிலிருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

மதியத்துக்குள் கோச்சின் நிலைமை மோசமாகிவிட்டது. இரண்டு தடவை வாந்தி. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார். பதினோராவது விதிப்படி ஜாக்கிரதை அவரை ஹோட்டல் தாழ்வாரத்தின் தரைக்கோட்டின்மேல் நேராக நடக்கச் சொன்னார். கோச் நாலடி நடந்து, வளைந்து, போர்வை அலமாரிக்குள் போய் நின்றார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருக்கலாம். ஜாக்கிரதை ஜீப்புக்கு ஆள் அனுப்பினார். தள்ளாட்டம் வந்தால் காத்திருக்காதீர்கள், மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து, உடனே கீழே இறங்குங்கள் என்று பத்தொன்பது வருஷமாகச் சொன்னவர்தான். ஆனால் அப்படி ஒரு முகத்தை அவர் நேரில் பார்த்ததில்லை.

ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கோச் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தார்.

"என்னைக் கீழே இறக்கிக் காட்டத்தான் ரெண்டு பேருமா கூட்டிட்டு வந்தீங்களா?"

"மச்சான், அது தலைவலி மச்சான்! முதலாளி அடிச்சதுல வார்த்தை மாறிப்போச்சு!"

"யாரு அடிச்சா?"

"பேனாவால மச்சான்!"

"எனக்குத் தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போங்க."

ஜாக்கிரதை தன் வாயையும் முதலாளியின் பேனாவையும் ஒன்றாகச் சபித்தார். அப்போது தங்கை தரையில் உட்கார்ந்து, அண்ணனின் செருப்புகளைக் கழற்றிச் சரியாக மாட்டினாள்.

"அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பதினஞ்சு பேர் முன்னாடி சொல்லியிருக்கவே கூடாது. உனக்குத் தலைக்கனம் கிடையாது. எழுந்திரு, போகலாம்."

கோச் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார். "இருக்கு. நேத்துலேர்ந்து..." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நேத்துலேர்ந்து இல்ல. ரொம்ப வருஷமாவே இருக்கு."

தங்கை அழுதாளா சிரித்தாளா என்று ஜாக்கிரதைக்குப் பிடிபடவில்லை. இருவருமாகக் கைத்தாங்கலாக அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். மற்றப் பயணிகளைப் பல் டாக்டர் அம்மாளின் பொறுப்பில் விட்டுவிட்டு ஜாக்கிரதையும் ஏறிக்கொண்டார். ஆறாயிரம் அடியில் இருந்த மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். ஜாக்கிரதை அவர் வாயைப் பொத்தாத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கோச் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். தங்கை ரொட்டியைப் பிய்த்துப் பாலில் தோய்த்துக் கொடுக்க, மறுபேச்சு பேசாமல் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க இப்ப இருக்கிற வீடு எத்தனாவது மாடி?"

"மூணாவது அண்ணா."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்லியே."

கோச் மீதி ரொட்டியைத் தானே எடுத்துப் பாலில் தோய்த்தார்.

"பரவால்ல," என்றார். "மெதுவா ஏறி வர்றேன்."