மூதூரில் ஒரு போர்டை எழுப்பினோம்

நான் எழுதிய நிரல் ஓடுமா ஓடாதா என்று பார்க்க வவுனியாவிலிருந்து மூதூருக்குப் போனேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பூட் லோடர் என்பது கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடி, மற்ற எல்லாவற்றையும் தட்டியெழுப்பும் சின்ன நிரல். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் ஒரு பூட் லோடருக்குள், புதிதாக வந்த ஒரு புரொசெசரைச் சேர்க்கும் வேலையில் இரண்டு மாதமாகக் கிடந்தேன். அந்தப் புரொசெசர் உள்ள மின்சுற்றுப் போர்டை நான் கண்ணால் கண்டதே இல்லை. கையேட்டை மட்டும் நம்பி எழுதினேன்.

போர்டு இருந்தது ஷிஃபானாவிடம். மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் படகு ரேடியோ திருத்தும் கடை வைத்திருப்பவர், இணையத்தில் பழக்கம். தன் அண்ணன் ரிஸ்வியின் படகு எங்கே நிற்கிறது என்று கரைக்கு அறிவிக்கும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். போன மாதம் கடலில் பற்றரி வயர் கழன்றது. திரும்ப மாட்டியும் பெட்டி எழும்பவில்லை. போர்டோடு வந்த பூட் லோடர், மின்சாரம் சட்டென்று போய் வந்தால் யாராவது ஒரு விசையை அழுத்தும்வரை காத்துக்கொண்டே நிற்குமாம். நடுக்கடலில் எவன் விசைப்பலகை வைத்திருக்கிறான்? நான் எழுதியது அப்படிக் காத்திருக்காது, தானாகவே எழும்பும். ஒரு பகல் முழுவதும் படகு எங்கே என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. "இத மாத்தாம நானாவக் கடலுக்கு விடமாட்டன்" என்று ஷிஃபானா எழுதியிருந்தார்; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். அதை வாசித்த பிறகு எனக்கு வவுனியாவில் இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை 5.15 பஸ். திருகோணமலைக்கு 95 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம், 420 ரூபாய். அங்கே 8.40க்கு மூதூர் பஸ், 160 ரூபாய். இடப்பக்க யன்னலைப் பிடியுங்கள், கிண்ணியாப் பாலத்தில் குடா அப்படியே விரியும். என் பையிலிருந்து தொங்கிய வயர்களைப் பார்த்துக் கண்டக்டர், "என்ன தம்பி, கரண்ட் குடுக்கப் போறீங்களோ?" என்றார். "ஓம் அண்ணன், அதேதான்" என்றேன். பொய்யில்லை.

10.15க்குக் கடைக்குள் நுழைந்தேன். "முதல்ல சாப்பிடுங்க, மறுகா வேலயப் பாப்பம்" என்று ஷிஃபானா இடியப்பமும் மீன் ஆணமும் வைத்தார். எனக்கு எங்கே இறங்கும்! அரைகுறையாகக் கையைக் கழுவிவிட்டு, என் பூட் லோடர் இருந்த மெமரி அட்டையைப் போர்டில் சொருகி, போர்டிலிருந்து மடிக்கணினிக்கு வயர் கொடுத்தோம். எல்லாம் சரியென்றால் திரையில் எழுத்து ஓட வேண்டும்.

ஒன்றும் வரவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

நினைவகத்தை எழுப்பும் பகுதியை மாற்றினேன். புரொசெசரின் கடிகார வேகத்தைக் குறைத்தேன். பதினொரு தடவை திருத்தி, பதினொரு தடவை ஏற்றினேன். திரை கறுப்பு. ஷிஃபானா மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார், அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு ரிஸ்வி நானா வந்தார். மூன்று மணிக்குப் படகு இறங்க வேண்டும்.

"என்ன புள்ள, சரியா?" என்று தங்கையைக் கேட்டார்.

"எழுத்து ஒண்டும் வரல்ல நானா."

"எழுத்தையா நான் கடல்ல வாசிக்கப் போறன்? விளக்குப் பத்துதா எண்டு பாப்பம், தா."

போர்டை வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துப் பற்றரியைக் கொடுத்தார். ஒன்பது வினாடி. பெட்டி எழும்பினால் எரியும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது!

ஷிஃபானா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அல்லாஹ்! நேத்து நான்தானே நகப்பூச்சு அடிச்சன்!"

இங்கே உப்புக்காற்று போர்டுகளைத் தின்றுவிடும். அதனால் கடலுக்குப் போகிற எந்தப் போர்டுக்கும் சிவப்பு நகப்பூச்சு பூசுவது அவர் வழக்கம். அவசரத்தில், வயர் மாட்டும் ஊசிகளுக்கும் சேர்த்துப் பூசியிருக்கிறார். நானோ அந்தச் சிவப்பைப் போர்டின் சொந்த நிறம் என்று நினைத்துவிட்டேன். பிளேட்டால் சுரண்டி வயரை மாட்டினோம். எழுத்து கொட்டியது. என் முதல் பதிப்பை ஏற்றிப் பார்த்தேன், அதுவும் ஓடியது! வவுனியா அறையில், போர்டைக் காணாமலே எழுதிய அதே பதிப்பு. நான் கத்திய கத்தலில் பக்கத்து மீன்வலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்று மணிக்குப் படகு போனது. ஷிஃபானாவின் தொலைபேசியில் படகு ஒரு நீலப் புள்ளி. அரை மணி கழித்து, சொல்லிவைத்தபடி ரிஸ்வி நானா கடலில் பற்றரி வயரைக் கழற்றித் திரும்ப மாட்டினார். புள்ளி மறைந்தது. ஷிஃபானா என் கையிலிருந்த பேனாவைப் பறித்துக் கடித்தார். பெட்டி எழும்பினாலும், இடத்தைக் கண்டுபிடித்து அறிவிக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் பாதி போனது.

"எழும்பிட்டு! எழும்பிட்டு!"

புள்ளி கொட்டியாரக் குடாவில், இன்னும் கொஞ்சம் தள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. ஷிஃபானா அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

இப்படி ஒரு வேலையாகப் போகிறவர்களுக்கு: போர்டு இருக்கும் இடத்துக்கே போங்கள். முதல் சந்தேகம் வயரில், பிறகுதான் நிரலில். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியவுடனே கேட்டு வையுங்கள், நான் கேட்காமல் அங்கேயே தங்க வேண்டி வந்தது. கடைக் கதிரையில் உட்கார்ந்தே நிரலை அந்தப் பொதுப் பூட் லோடர் திட்டத்துக்கு அனுப்பினேன். 'சோதித்தவர்' என்ற வரியில் ஷிஃபானாவின் பெயரை எழுதியபோது அவர் தடுத்தார்.

"நானாட பெயரையும் போடுங்க. வயரக் கழட்டினது அவர்தானே."

போட்டேன்.