ஓட்டுநருக்குப் பின்னால் ஓர் இருக்கை

பணிமனையில் அவருக்குப் பெயர் பஞ்சு. அவர் பிரேக் போட்டால், நின்றுகொண்டு வருகிறவர் கையிலிருக்கும் பால் பாத்திரம்கூடத் தளும்பாது என்பதால் வந்த பெயர். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர்மீது முதன்முதலாக வந்த புகாரும் பிரேக் சம்பந்தப்பட்டதுதான். ஏறவோ இறங்கவோ ஆளில்லாத நிறுத்தத்தில் நிறுத்துகிறார், முன்கதவைத் திறக்கிறார், அரை நிமிடம் காத்திருக்கிறார், பிறகு மூடிக்கொண்டு கிளம்புகிறார். தினமும், மதியம் இரண்டு பத்துக்கு, சட்டை ஆலை வாசலில்.

அந்த நிறுத்தத்தில் இருபத்திரண்டு வருடம் ஏறியவள் அவர் மனைவி. ஆலையில் காலர் தைக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்காருவாள். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகை அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்துதான் மகனின் மார்க், நாத்தனாரின் வாய், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் அவர் பிடரியிடம் சொல்லித் தீர்ப்பாள். அவர் உள்கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுவார். வீட்டில் இருவரும் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டியதுதான் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடுமே. அதனால் பத்து மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் அவள் போன பிறகும் வீடு ஏறக்குறைய பழையபடியே இருந்தது. பஸ்தான் தாங்க முடியாததாகிவிட்டது.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "பஞ்சு, மனநல ஆலோசகர்கிட்ட ஆறு தடவ போயிட்டு வாங்க. இல்லேன்னா உங்கள வண்டியிலேர்ந்து எறக்கி ஷெட்டுல உட்கார வெக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

கண்டக்டர் அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினான். "அண்ணே, சாய்வு நாற்காலில படுக்க வெச்சு, கண்ணு முன்னாடி சங்கிலிய ஆட்டுவாங்களாம். எழுந்திருக்கும்போது எல்லாம் மறந்துருமாம். என்னையாவது ஞாபகம் வெச்சுக்குங்க."

"உன்ன மறக்கறதுக்குன்னா நாளைக்கே போறேன்டா" என்றார் பஞ்சு. ஆனால் அந்த 'மறந்துரும்' மட்டும் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. போகாவிட்டால் அந்த வழித்தடம் போய்விடும். போய்க் குணமாகிவிட்டாலோ, அவள் போய்விடுவாள்.

ஆலோசனை மையம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'எதற்காக வந்திருக்கிறீர்கள்?' என்ற இடத்தில் 'மேலாளர் சொன்னதால்' என்று எழுதினார். 'தூக்கம் எப்படி?' என்பதற்கு, 'உட்கார்ந்தால் வருகிறது, படுத்தால் வருவதில்லை.'

அறையில் சாய்வு நாற்காலியும் இல்லை, சங்கிலியும் இல்லை. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சுவரில் ஒரு கடிகாரம், கண்ணாடிச் சட்டமிட்ட மலைப்படம் ஒன்று. ஆலோசகர் ஒரு பெண்; பஞ்சுவின் மகனைவிட வயது கொஞ்சம் கூட இருக்கும்.

"வாங்க சார். இங்க பேசறது எதுவும் இந்த அறையத் தாண்டாது. உங்க மேலாளருக்கு நீங்க வந்தீங்கன்னு மட்டும் சொல்லுவேன், என்ன பேசினீங்கன்னு சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் மத்தவங்ககிட்ட பேசுவேன். அம்பது நிமிஷம். சொல்லப் பிடிக்காதத சொல்ல வேண்டாம்."

"சரிங்க டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்ல சார். மாத்திரையும் குடுக்க மாட்டேன்."

பஞ்சு காத்திருந்தார். அந்தப் பெண்ணும் காத்திருந்தாள். இப்படிக் காத்திருப்பதற்குத்தான் அவர்மேல் புகார். இங்கே அதையே ஒரு வேலையாகச் செய்கிறார்கள் என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

"நேருக்கு நேர் பாத்துப் பேசிப் பழக்கமில்லம்மா" என்றார் கடைசியில். "நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கவா?"

"தாராளமா."

அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவருக்குப் பின்னால் வந்தாள். மலைப்படத்தின் கண்ணாடியில் அவள் நெற்றியும் கண்ணும் மங்கலாகத் தெரிந்தன. அது போதுமானதாக இருந்தது. ஆலை வாசல், பலகை, குழாய், காய்ச்சல் எல்லாம் வரிசையில்லாமல் வெளியே வந்தன. இடையில் பெட்டிக்காகக் கையைப் பின்னால் நீட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"இது முடியறதுக்குள்ள அவள மறந்துருவேனா?"

"மறக்க வெக்கறது என் வேல இல்ல சார். ஆறு தடவைக்கப்புறம் எப்படியிருக்கும்னு எனக்கும் தெரியாது." பிறகு கேட்டாள்: "பேசும்போது அவங்க கை எங்க இருக்கும்?"

பஞ்சு மலைப்படத்தின் கண்ணாடியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் கண்ணாடியில் அவர் பார்த்தது நெற்றியும் கண்ணும்தான். கை அதில் விழாது.

ஐம்பதாவது நிமிடத்தில் அவள் எழுந்தாள். பாதிப் பேச்சில் அனுப்புகிறாளே என்று முதலில் கோபம் வந்தது. ஆனால் நேரம் தவறாதவர்களை அவரால் நெடுநேரம் கோபிக்க முடியாது.

கீழே வந்தபோது மணி இரண்டாகப் போகும் நேரம். அவருடைய பஸ்ஸே வந்தது, மாற்று ஓட்டுநருடன். கண்டக்டர் படியிலேயே மறித்தான். "அண்ணே! நான் யாரு, சொல்லுங்க பாப்போம்."

"மறக்கலடா. அதுக்கு அங்க வசதியில்லையாம்."

பஸ்ஸில் பாதி காலி. அந்த ஒற்றை இருக்கையும் காலி. இத்தனை வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தார். எதிரே வேறொருவன் பிடரி. மேலே கண்ணாடியில் அவன் கண்கள். இருவருக்கும் நடுவிலிருந்த தடுப்புக் கம்பியில் ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து, இரும்பு பளபளத்தது. ஒரு நாளைக்கு நூறு பேர் பிடிக்கிற கம்பிதான், யார் பிடித்தும் தேய்ந்திருக்கலாம். பஞ்சுவுக்கும் அது தெரியும். கையை அங்கே வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"அடுத்த வாரமும் போவீங்களா?" என்றான் கண்டக்டர்.

"போகணும். ஒண்ணு கேட்டாங்க, பதில் சொல்லாம வந்துட்டேன்."

ஆலை வாசல் வந்தது. நிறுத்தத்தில் யாரும் இல்லை. பஞ்சுவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, மெதுவாக, எதுவும் தளும்பாதபடி. பஸ் நிற்காமல் போயிற்று.